அந்தோணிதாஸ் கட்டிய வேகத்தடை

அந்தோணிதாஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. மரக்காணம் உப்பளத்தில் வரப்பு கட்டுவது அவர் வேலை. களிமண்ணை மிதித்து, அறைந்து, சுவர் மாதிரி நிமிர்த்துவார். வரப்பின் பக்கங்கள் சரிவாக இருந்தால் உப்புப் பாத்தியில் அவ்வளவு இடம் வீண். அதனால் பக்கங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். அவர் கட்டிய வரப்பில் ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்று பெயர்.

அந்தப் பெயரால்தான் வினை வந்தது. அவர் குடியிருந்த சர்ச் தெருவில் உப்பு லாரிகள் பறந்தன. வேகத்தடை கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தார்கள். யாரோ வந்து அளவெடுத்துப் போனதோடு சரி. சர்ச் வாசலில் மாதா சிலை நிற்கும் கெபிக்குத் தளம் போட்டதில் ஜல்லியும் சிமெண்டும் மீந்தபோது, "நம்ம தாஸு இருக்கும்போது எவனுக்காகக் காத்துக்கெடக்கணும்?" என்றது தெரு.

ஒரே மத்தியானத்தில் கட்டி முடித்தார். தனக்குத் தெரிந்த மாதிரிதான் கட்டினார். பக்கங்கள் செங்குத்து, உச்சி குறுகல். வெள்ளைக்கோடு போடவில்லை. வரப்புக்கு யார் கோடு போடுவார்கள்?

மறுநாளே வண்டிகளின் அடி உரசியது. கூனிமேட்டிலிருந்து முட்டை கொண்டுவரும் தமீம் அன்சாரி, மஞ்சள் வழியும் ட்ரேயைத் தூக்கிக் காட்டினார்.

"தாஸண்ணே, இது ரோடா, பாத்தியா? தண்ணி கட்டி உப்பு எடுக்கப் போறீங்களா?"

"மெதுவா வாங்க பாய். அதுக்குத்தான போட்டுருக்குது!"

தெருவே சிரித்தது. மூன்று வீடு தள்ளியிருந்த அற்புதமேரி மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கமும் கொஞ்சம் சரிச்சு வுடுங்கண்ணே. புள்ளைங்க வண்டியில வருதுங்க."

"சரிச்சா அது வரப்பாம்மா?" என்றார் அவர்.

பத்தாம் நாள் பொழுது சாயும் நேரம். அற்புதமேரியின் மகன் பிரிட்டோ, நர்சிங் படிக்கும் தங்கை ஜெர்லினைப் பின்னால் உட்காரவைத்து பைக் ஓட்டி வந்தான். மங்கலில், கோடும் இல்லாமல், மேடு நெருங்கியது தெரியவில்லை. அந்தோணிதாஸ் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டக் என்று முன்சக்கரம் ஏறியது. டக் என்று பின்சக்கரம். அப்புறம் மூன்றாவதாக ஒரு சத்தம், தரையில் தேங்காய் விழுந்த மாதிரி.

ஜெர்லின் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிகள் வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு டக் கேட்கும். அவர் கையில் சோற்றோடு மூன்றாவதற்குக் காத்திருப்பார். வராது. அடுத்த வண்டி வரும். வண்டியே வராத உப்பளத்தில், உச்சிவெயிலில் களிமண்ணை மிதிக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு டக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உப்புதான் வெள்ளையாகக் கிடக்கும். பிரிட்டோ அந்த மேட்டை ஏறிக் கடப்பதேயில்லை. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான்.

"இடிச்சிரலாம்" என்றார்கள் சிலர். "இடிச்சா லாரி வூட்டுக்குள்ள வரும்" என்றார்கள் சிலர். அப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை, கைக்குழந்தையோடு பின்னால் உட்கார்ந்து வந்த ஒருத்தி மேட்டில் எகிறி, எப்படியோ பிடித்துக்கொண்டாள். அந்தோணிதாஸ் கடப்பாரையோடு தெருவுக்கு வந்தார்.

அற்புதமேரி வாசலில் நின்றிருந்தாள்.

"இடிச்சிடவாம்மா?"

"வேணாம். லாரி வரும். சரிச்சு வுடுங்க." மேட்டைப் பார்த்தபடியே, "அன்னிக்கே சொன்னேனேண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை.

பக்கங்களைக் கொத்தி, இரண்டு புறமும் நீளமாகச் சரிவு போட்டார். சிமெண்டு இறுகும்வரை ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுக் காவல் இருந்தார். பட்டை பட்டையாக வெள்ளை அடித்தார்.

எட்டாம் நாள் தமீம் அன்சாரியின் வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. "ஒரு முட்டைகூட அசையல!" என்று கத்திக்கொண்டே போனார்.

அன்று பொழுது சாய அந்தோணிதாஸ் சாப்பிட உட்கார்ந்தார். ஜன்னல் வழியே பிரிட்டோ தெரிந்தான். முதன்முறையாக, இறங்காமல் ஓட்டியபடியே வந்தான். முன்சக்கரம் ஏறிய சத்தம் இல்லை. பின்சக்கரச் சத்தமும் இல்லை. வண்டி பத்திரமாக வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

பிசைந்த சோற்றோடு கை அப்படியே நின்றது. மூன்றாவது சத்தம் மட்டும் வந்தது.