இல்லை என்று சொல்ல இடம் விட்டுக் கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது சபாநாதன் அண்ணையின் மனைவி மகேஸ் அக்காவின் தொலைபேசி வந்தது. "தங்கச்சி, அண்ணை விடிய மோசம் போயிட்டார்" என்று சாவுச் செய்தி சொன்னார். அழுது ஓய்ந்த பிறகு, "அந்தப் பண்ணைக்காறருக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். சபாநாதன் அண்ணையை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குட்மேய்ஸில் பலருக்கு அவர் 'மெஷின்' சபாநாதன். ஊரில் நில அளவையாளர்களுக்குச் சங்கிலி பிடித்தவர். இங்கே ஒரு கிடங்கில் வேலை. பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி, ஞாயிறுகளில் எசெக்ஸ் வயல்களில் மண்ணுக்குள் கிடக்கும் நாணயங்களைத் தேடுவார். "புதையல் கிடைச்சதோ அண்ணை?" என்று கடையில் பகிடி பண்ணுவார்கள். "ஓம், ஒரு குதிரை லாடம். உமக்கு அளவெண்டாத் தாறன்" என்பார்.

வயலில் இறங்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதற்கான கடிதத்தை எழுதுவிக்கத்தான் முதன்முதலில் என்னிடம் வந்தார். இவ்வளவு சிரமம் எதற்கு, பூங்காவில் நடக்கலாமே என்றேன். "ஊரில என்ர வளவுக்குள்ள இப்ப ஆமி காம்ப். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. ஒராள் ஓம் எண்டு சொன்ன மண்ணில ஒருக்கா நிக்கவேணும், பிள்ளை. அதுதான்."

நான் எழுதிய கடிதத்தில் 'தங்கள் பெருந்தன்மை' போன்ற சொற்கள் மூன்று இடங்களில் இருந்தன. பேனாவை வாங்கி மூன்றையும் வெட்டினார். "கேக்கிறது வேற, கெஞ்சுறது வேற. கெஞ்சினா அந்தாளுக்கு மறுக்க வெக்கமாயிருக்கும். இல்லை எண்டு சொல்ல இடம் விட்டுக் கேக்கவேணும்."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, நான்தான் கூட்டிப்போவேன். அந்நியர் வாசலில் நிற்பது எனக்கு ஒவ்வாத காரியம் என்பதால் புத்தகத்துடன் காருக்குள் இருந்துவிடுவேன். அவர் மெஷினைக் காரில் விட்டு, வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டுவார். பல கதவுகள் மறுத்தன.

அப்படி மறுத்த ஒருவரிடம், நம் 'போயிட்டு வாறன்' வழக்கத்தை அப்படியே ஆங்கிலமாக்கி விடைபெற்றார்: "ஐ வில் கோ அண்ட் கம்."

திறந்திருந்த கார்ச் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன், பண்ணைக்காரரின் முகம் சிவந்தது. வரத் தேவையில்லை, முடியாதென்றால் முடியாதுதான் என்று கதவை அடித்துச் சாத்தினார்.

"அண்ணை, நீங்கள் திரும்ப வருவன் எண்டு வெருட்டினதா நினைச்சிட்டார்."

"ஐயோ! ஒரு வீட்டு வாசல்ல நிண்டு போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" கொஞ்ச தூரம் போனபின் மெல்லச் சொன்னார்: "ஆனா, சொல்லிப்போட்டன். வரத்தானே வேணும்."

அடுத்த மாதம் மறுபடியும் போனார். எதையும் கேட்கவில்லை. அந்தச் சொல்லின் பொருளை விளக்கி, சொன்னதற்காக வந்தேன் என்று கூறிவிட்டுத் திரும்பினார். வாசல் படலையைத் தாண்டுமுன் பண்ணைக்காரர் கூப்பிட்டார். அறுவடைக்குப் பிறகு கீழ் வயலில் தேடலாம்; வாய்க்கால் வரைக்கும் மட்டும். அப்பால் அடுத்தவர் நிலம்.

அந்த இலையுதிர் காலத்தில், வாய்க்கால் ஓரம் மெஷின் ஓங்கி ஒலித்தது. அதன் தட்டு தவறி அக்கரை மண்ணுக்கு மேல் நீண்டிருந்தது.

"ஓரடிதானே அண்ணை, ஆர் பாக்கினம்?" என்றேன்.

மெஷினை நிறுத்தினார். "ஓரடி எண்டுதான் அடுத்தவன்ர பக்கம் வேலியை அரக்கத் தொடங்கிறது. வேலி வழக்குப் பேசிக் காணியையே வித்த சனம் நாங்கள். இவ்வளவும் காணும்." அங்கே என்ன கிடந்தது என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. அன்று கிடைத்தவை இரண்டு பொத்தான்கள். அவற்றைக் கழுவி, பண்ணைக்காரரிடம் காட்டப் போனார். நடையில் அத்தனை நிமிர்வு.

போன மாதம் மருத்துவமனையில், பார்வை நேரம் முடிந்த அவசரத்தில், "போறன் அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன, போறன்?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"போயிட்டு வாறன்" என்று திருத்தினேன். ஆனால் மறுபடி போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்றிருந்துவிட்டேன்.

செத்தவீடு முடிந்த ஞாயிறு, தனியாகப் பண்ணைக்குப் போனேன். காரை விட்டிறங்கி, நானே கதவைத் தட்டினேன். பண்ணைக்காரரிடம் செய்தியைச் சொன்னேன். கீழ் வயலில் சற்று நிற்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். பயிர் நின்றதால் ஓரமாக, வாய்க்காலுக்கு இப்பால் நின்றேன்.

மூன்று வெட்டுகளுடன் அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. கூடவே ஒரு சொல்லும். புறப்படும்போது அதை அண்ணையின் ஆங்கிலத்திலேயே சொன்னேன். பண்ணைக்காரர் இம்முறை கதவைச் சாத்தவில்லை.

"எப்போது?" என்று கேட்டார்.

அறுவடை முடிந்ததும் என்றேன். சொல்லிவிட்டேன், போகத்தானே வேண்டும்.