கேட்டருகே இருந்த வாளி

இப்போதுதான் துடைத்த தரை, காலுக்கடியில் மணலாய் நறநறவென்றது. கடற்கரைக்குப் போய்வந்த மகனை முறைத்தேன். "குழாய்ல கால் கழுவிட்டுதாம்மா வந்தேன்" என்றான்.

நான் வளர்ந்த கோவளத்து வீட்டில் அப்பா, சித்தப்பா, நாங்கள் நாலு பிள்ளைகள், எல்லோரும் அம்மாவிடம் இதையேதான் சொல்வோம். கேட்டருகே அடிபம்பு. அதனடியில் கால் கழுவ எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். கழுவிவிட்டுத்தான் நுழைவோம். ஆனாலும் பாயில் மண், தலையணையில் மண், சோற்றில்கூட மண். அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்குவாள். "வூடா இது? இதுக்கு பீச்சே தேவல" என்பாள்.

ஏழாவது படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் பத்தடி மணல். கழுவிய ஈரக்காலோடு அதில் நடந்துதான் அத்தனை பேரும் உள்ளே வந்துகொண்டிருந்தோம்.

"வாளிய வாசப்படியாண்ட வெச்சா இன்னாம்மா?"

அம்மா துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். "இத்தினி வருசமா ஒருத்தருக்கும் தோணல பாரு" என்றாள்.

மறுநாளே வாளி வாசற்படிக்கு வந்தது. மண்ணும் பாதியாகக் குறைந்தது. ஆனால் பம்படித்து அங்கே வரை தண்ணீர் தூக்க ஆறு பேரில் ஒருவரும் வரவில்லை. யோசனை சொன்ன நானும்தான். அம்மாவே தூக்கினாள்.

வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கும்படி மகனிடம் சொன்னேன். "தோ வரேம்மா" என்று ஃபோனோடு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே தூக்கினேன்.