சாமி வாக்கில் பிழைத்த கிளப்பு

கோட்டாற்றில் எங்கள் தெருவுக்கென்று ஒரு கிளப்பு இருந்தது. கிளப்பு என்றதும் காப்பியும் வடையும் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட நீளமான ஓர் அறை, சீட்டுக்கட்டு, சதுரங்கப் பலகை, ஒருநாள் பிந்தி வரும் பத்திரிகை, அதை உரக்கப் படித்துப் பொருள் சொல்ல நான். என் பொருளைக் கேட்டே பாதிப்பேர் ஓடிப்போனார்கள் என்பார் தலைவர். மீதிப்பேரைப் பேசும்படக் கொட்டகை கொண்டுபோனது. கடைசியில், விளக்கேற்றினால் தலைவரும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான்.

அறை தெருக்கோடிக் கொப்பரை வியாபாரிக்குச் சொந்தம். அவர் தகப்பனார் வாடகை வாங்காமல் சும்மா விட்டு வைத்திருந்தது. இவர் ஒருநாள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"நாலு பேரு கொட்டாவி விடதுக்கு இவ்வளவு பெரிய ரூமு என்னத்துக்குவே? திங்களாச்ச கொப்பரை வண்டி வரும். பலகையை எடுத்துக்கிடுங்க."

தலைவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வகுப்பையே கண்ணால் அடக்குகிறவர், அன்று அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி போனபின் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. இந்த அறையும் போனால் சாயங்காலத்தை எங்கே கொண்டு வைப்பார்?

"வில்லுப்பாட்டு வைப்போம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கிளப்பின் கதையையே பாடுவது. தெரு முழுக்கக் கூடிச் சிரித்தால் வியாபாரி மனம் இளகாதா? தலைவர் வில்லடித்துப் பாடுவார். மற்ற இருவருக்கும் உடுக்கும் ஜால்ராவும். எனக்குக் குடம். குரல் வேண்டாத வேலை அது ஒன்றுதான்.

குடம் அடிக்க நான் படித்தவனில்லை. கோயில் கொடை விழாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததுதான். அங்கும் பாட்டு தொடங்கியதும் தூங்கிவிடுவேன். சாமி வருகிற கட்டத்தில்தான் விழிப்பேன். ஆகவே எனக்குத் தெரிந்தது ஒரே அடி. சாமியை வரவழைக்கும் அடி.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்தது. வியாபாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பத்திரிகை படிக்கும் அழகைத் தலைவர் பாடியபோது முதலில் சிரித்தது என் மனைவி. ரோஷம் வந்து குடத்தை ஓங்கி அடித்தேன். அடி தானாக வேகம் பிடித்தது. உடுக்கும் கூடவே ஓடி வந்தது.

நான் ஒன்றை மறந்துபோனேன். வருஷந்தோறும் தங்கள் குடும்பத்து மாடன் கோயிலில் சாமியாடுகிறவர் இந்த வியாபாரிதான்.

முதலில் அவர் கால் பெருவிரல் துடித்தது. பிறகு தோள். நாற்காலி மல்லாந்து விழ, ஓங்காரமிட்டு எழுந்து ஆடினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

சாமி வந்தால் ஊர் கேட்கும், சாமி சொல்லும், சொன்ன வாக்கை ஆடினவர்கூட மாற்ற முடியாது. கேட்க வேண்டியவர் தலைவர். அவரோ கோலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடியை நிறுத்தினால் சாமி மலையேறிவிடும். மணிக்கட்டு கழன்றுவிடும்போல் இருந்தது.

"கேளும்வே! கேட்டுத் தொலையும்!" என்று கத்தினேன்.

கேட்டது என் மனைவி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாடா, இந்த ரூமையும் பூட்டிட்டா இந்த ஆம்பிளைய எல்லாம் அந்திக்கு வீட்டுலயாக்கும் கெடப்பாவ. அடுக்களைக்குள்ள வந்து பத்திரிகை படிப்பாவ. பொம்பளைய நாங்க எங்க போவோம்? நீயே ஒரு வழி சொல்லு!"

"சொல்லணும், சொல்லணும்!" என்று பெண்கள் பக்கம் மொத்தமும் கூவியது.

மாடன் சுழன்று வந்து நின்றார். "இவனுவ இங்கயே கெடக்கட்டும்! இந்த ரூமை யாரும் எடுக்கப்பிடாது! நான் சொல்லியாச்சு!" வில்லின் முன்னால் இருந்த தட்டிலிருந்து திருநீற்றை அள்ளித் தலைவர் நெற்றி நிறையப் பூசினார்.

நான் குடத்தை விட்டேன். வியாபாரி அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நான் என்னவே சொன்னேன்?"

அவர் மனைவியே ஓர் எழுத்து விடாமல் சொன்னார். வியாபாரி என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, வேணும்னுதான அடிச்ச?"

"சத்தியமாட்டு இல்ல அண்ணாச்சி. எனக்கு வேற அடி தெரியாது."

முறைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒழுங்கா நாலு அடி நீ படிச்சிருந்தியானா எனக்குக் கொப்பரை போட ஒரு பெரை மிஞ்சியிருக்குமேடா, பாவி!"

திங்கட்கிழமை வண்டிகள் வந்தன. வியாபாரியே தெருமுனையில் நின்று மாடுகளைத் திருப்பிவிட்டார். அன்று சாயங்காலம், மாடன் வாக்குச் சொன்ன இடத்தைப் பார்க்க வந்தவர்கள் உள்ளே இடம் போதாமல் வாசல்வரை நின்றார்கள். நடுவில் தலைவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். எதிரே வியாபாரி.

"வேய், ஆட்டத்துல சாமி வாக்கெல்லாம் செல்லாது, பாத்துக்கிடும்" என்று சொல்லித் துருப்புச் சீட்டைத் தலைவர் ஓங்கி அறைந்தார். கூட்டம் ஓவென்று கத்தியதில் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது.