முனியராஜ் சேர்ந்த கணக்கு

பாண்டிலட்சுமியைப் பற்றிச் சொல்ல ஊரில் பெரிதாக ஒன்றும் கிடையாது. எம். புதுப்பட்டியில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்திக் காலத்தை ஓட்டுகிறவள். ஊரடங்கில் கம்பெனியை மூடியபோதுதான் அவளுக்கு ஓய்வு என்று கொஞ்சம் கிடைத்தது. அந்தப் பாழாய்ப்போன ஓய்வில்தான் புருஷன் முனியராஜ் போய்ச்சேர்ந்தான்.

காய்ச்சல், இருமல், பிறகு மூச்சுத்திணறல். சளி எடுத்துச் சோதிக்கக்கூட அவகாசம் இல்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். கொரோனா என்று ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லி விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஆதாரம் எங்கே என்று கேட்டு அனுப்பினார்கள். மாமியார் வீட்டாரோ, நெஞ்சுவலிக்காரனை வீட்டில் சும்மா இருந்தும் கவனிக்காமல் சாகவிட்டாள் என்று இன்றுவரை பேசுகிறார்கள். அந்தப் பேச்சுதான் அவளை அரித்துத் தின்றது.

மகள் அனுப்பிரியா கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். அந்தக் கொள்ளைநோயில் எந்த நாட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு காலையில், தாய் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள். சாவுக்குக் காரணம் எழுதுகிற முறை நாட்டுக்கு நாடு வேறாம். அதனால் காரணத்தை விட்டுவிட்டு, வழக்கமாகச் சாகிறவர்களைவிட அந்த வருஷம் எத்தனை பேர் கூடுதல் என்று பார்ப்பார்களாம்.

"அப்பா அந்தக் கூடுதல்ல இருக்காரும்மா. சான்றிதழ்ல என்ன எழுதியிருந்தாலும் இருக்காரு."

பாண்டிலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் பக்கம் பேசிய முதல் வார்த்தை அது. எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்று ஆசையாகக் கேட்டாள். நியூசிலாந்தில் முதல் வருஷம் வழக்கத்தைவிடக் குறைவாகவே செத்தார்கள், வீட்டுக்குள் இருந்ததில் சளிக்காய்ச்சல், விபத்தெல்லாம் குறைந்துபோனது என்றாள் மகள்.

தாயின் கை நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஒரு கம்பெனியிலாவது மருந்து ரூம் வெடிக்காமல் இருந்ததில்லை.

"பூட்டிக் கெடந்த மாசத்துல இங்கன ஒரு ரூமும் வெடிக்கலையே. அதுல தப்பிச்சவுகள என்ன செய்வாக?"

"அது தன்னால கழிஞ்சிரும்மா."

"அப்ப ஒங்கப்பா செத்ததும், ரூம் வெடிக்காம நான் பொழைச்சுக் கெடந்ததும் நேராப் போச்சு."

அப்படி ஆளுக்கு ஆள் கழிப்பதில்லை, நாடு மொத்தத்துக்கும் போடுவது, கழித்தாலும் நம் நாட்டில் கூடுதல்தான் நிற்கிறது என்று மகள் பதறிப்போய் விளக்கினாள். பாண்டிலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புரியாமல் இல்லை. அலுப்பாக இருந்தது.

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனவள், திரும்பி நின்றாள்.

"என்னையக் கழிக்காம ஒருதரம் போட்டுப் பாரு தாயி. அவுக மட்டும் தனியா நிக்கட்டும்."

அப்படிப் போட வழியில்லை. அனுப்பிரியா சரிம்மா என்றாள். பாண்டிலட்சுமி மருந்து செலுத்தப் போனாள்.