அடியில் பாரம் வைத்தவர்கள்

சென்னப்பன் லாரியில் சரக்கு அடுக்குகிறவர். ஜவளகிரிக்காரர், இருபத்தாறு வருடமாக ஓசூரில் லோடு ஏற்றுவதுதான் பிழைப்பு. அவர் அடுக்கிய வண்டி ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை. அதை அவரே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார் என்பது வேறு விஷயம். அடுத்தவர் ஏற்றிய வண்டியைக் கண்டாலும் சும்மா போகமாட்டார். ஊர் எல்லையில் ஜூஜுவாடியில் நிற்கும் வைக்கோல் லாரியை அண்ணாந்து பார்த்து, "இது பக்கத்துல இருக்கற அத்திப்பள்ளியே தாண்டாது" என்று முன்பின் தெரியாத டிரைவரின் வயிற்றில் புளியைக் கரைப்பார்.

அப்படிப்பட்டவரின் மகள் பிரவீனாவுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கேட்டரிங் படித்து, ஓசூர் ஓட்டல் ஒன்றில் இரண்டு வருடம் இருந்தவள். இது உல்லாசக் கப்பல். ரொட்டியும் கேக்கும் செய்யும் வேலை. போனில் படம் காட்டினாள். இருபது மாடி. பயணிகளும் வேலையாட்களுமாக ஏழாயிரம் பேருக்கு மேல் ஏறலாம். உச்சியில் நீச்சல் குளம் வேறு.

"தண்ணிக்குள்ள எவ்ளோ ஆழம் இருக்குது?" என்று கேட்டார் சென்னப்பன்.

"முப்பதடி, நைனா."

"மேல?"

"எரநூறடி இருக்கும்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "போவாத கண்ணு. இது சாயற வண்டி."

"உங்க வைக்கோல் லாரிக்கும் கப்பலுக்கும் என்னா சம்பந்தம்?" என்றாள் அவர் மனைவி மாதம்மாள். மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பிரவீனா அழுது பார்க்கவில்லை. பிடிவாதத்தில் அப்பனையே உரித்து வைத்தவள். நான்காம் நாள், கப்பலைக் குறுக்கில் பிளந்து காட்டும் படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். இன்ஜின், எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடியில். மேல் மாடிகளில் வெறும் அறைகள். அகலமோ நூற்றைம்பது அடி. அலை உருட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புத் துடுப்பு.

சென்னப்பன் வெகுநேரம் பார்த்தார். உருளைக்கிழங்கு மூட்டையை அடியிலும் பூக்கூடையை மேலேயும் வைக்கிற அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அடுக்கனவன் தொழில் தெரிஞ்சவன்தான்" என்று ஒத்துக்கொண்டார். புத்திதான் ஒத்துக்கொண்டது, பயம் அப்படியே இருந்தது.

பிரவீனா போன நாலாம் மாதம் ஒரு செய்தி வந்தது. 'நைனா, நாளைக்குக் கடல் மோசமா இருக்குமாம். நெட் கெடைக்காது. பயப்படாத.' அதன்பிறகு ஒன்றரை நாள் ஒரு தகவலும் இல்லை. கடல் மோசமாக இருக்கும் என்று சொன்ன அன்று லாரியில் சென்னப்பன் பூக்கூடைகளை அடியில் வரிசையாக வைத்துவிட்டு, மேலே போட மூட்டையைத் தூக்கினார். கூட வேலை செய்யும் நாராயணப்பன் பாய்ந்து பிடித்தார். "இன்னைக்கி நீ எறங்கிக்கோ அண்ணா." சென்னப்பன் இறங்கி உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"ரொட்டி அடுக்கி வெச்ச ஸ்டாண்டே விழுந்துடுச்சி, நைனா. கப்பல் ஒரு பக்கமா சாஞ்சிது. அவ்ளோதான்னு நெனைச்சன். நிமிந்துக்கிச்சி. எத்தினி தடவ சாஞ்சிதோ, அத்தினி தடவையும் நிமிந்துக்கிச்சி."

சென்னப்பன் போனை மாதம்மாளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். இத்தனை நன்றியை யாரிடம் போய்ச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் இருவரும் மலைக்கோயிலுக்குப் போனார்கள். மாதம்மாள் மகள் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்தாள். சென்னப்பன் இன்னொரு தட்டை நீட்டினார்.

"யார் பேருக்கு?" என்று கேட்டார் குருக்கள்.

"பேரு தெரியாது சாமி. எந்த நாட்டு ஆளுங்கன்னும் தெரியாது. எம் பொண்ணு போற கப்பலுக்கு அடியில பாரம் வெச்சி கட்டனவங்க."

பெயர் தெரியாவிட்டால் எல்லோருக்கும் சொல்வதையே குருக்கள் சொன்னார். "அப்படின்னா சாமி பேருக்கே பண்ணிடலாம்."

"சாமிக்கு எப்பவும் பண்றதுதானுங்க" என்றார் சென்னப்பன், கூப்பிய கையை இறக்காமல். "இன்னைக்கி அவங்களுக்குப் பண்ணுங்க."