விரால் ஏறிப் போன மடை

மகள் இருக்கும் குளிர்நாட்டில் ஏரி உறைந்து, கண்ணை மூடித் தூங்கும். நான் போயிருந்த மாதம் அது அப்போதுதான் விழித்திருந்தது. கரையில் கண்ணாடிச் சில்லுபோல ஐஸ் கிடந்தது. அதற்கு அப்பால் நீலமா கறுப்பா என்று சொல்ல முடியாத தண்ணீர். மருமகன் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினான். அது இல்லாமல் அங்கே தூண்டில் போடக் கூடாதாம்.

மீன் ஒன்று அகப்பட்டது. உடம்பெல்லாம் புள்ளி. அதை ஓர் அளவுகோல்மேல் கிடத்திப் பார்த்தான். பிறகு குனிந்து மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டான். நான் கத்திவிட்டேன்.

"ஐயோ மக்கா, கை வழுக்கிப் போச்சே!"

"வழுக்கல்ல மாமி. நீளம் பத்தாது. இதப் பிடிச்சா ஃபைன் அடிப்பான்."

"நீளம் பாத்து எடுக்கதுக்கு இது என்ன, கல்யாணச் சேலையா?"

அன்று முழுக்க அவன் சிரித்தான். அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை என்றாள் மகள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு ஊர் திரும்பும்வரை அதிகம் பேசவில்லை.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் ஆரல்வாய்மொழி தாண்டி, வள்ளியூர்ப் பக்கம். அங்கே வெயில்தான் எல்லாம். குளத்து மீனைக் குத்தகைக்கு விடுவார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் குத்தகைக்காரர் வலை இழுப்பார். அவர் முடித்த பிறகு ஊரே சேற்றில் இறங்கும். குஞ்சும் வேண்டும், கிழடும் வேண்டும். ஒன்றையாவது விடக் கூடாதா என்று தங்கையிடம் கேட்டேன்.

"விட்டா யாருக்கு? வெயிலு திங்கதுக்கு முன்ன நாம திங்கணும். அடுத்த மழைக்குப் புதுக் குஞ்சு வாங்கி விடுவாவ."

அவள் சொன்னதும் சரிதான். பாளம் பாளமாக வெடித்த குளத்தில் எந்த மீனைக் காப்பாற்றி வைப்பது?

கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊர் கொல்லயிலில் தண்ணீர் உறைவதும் இல்லை, குளம் வெடிப்பதும் இல்லை. வீட்டுக்குக் கீழே ஒரு குளம், குளத்துக்கு மேலே வயல், இரண்டையும் சேர்க்கிற சின்ன மடை. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை விழுந்ததும் வயல் நிறைந்து, அந்தத் தண்ணீர் மடைவழியே குளத்துக்கு இறங்கும். புதுத் தண்ணீரின் மணம் தெரிந்ததும் சினை மீன்கள் அதை எதிர்த்து வயலுக்கு ஏறும், முட்டையிட. அந்த நேரம் மடைவாயில் மீன் பிடிக்கிற கூடு வைத்தால் போதும், கையை நனைக்காமல் மீன் கிடைக்கும்.

அப்படிக் கூடு வைப்பவன் என் கொழுந்தன். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. ஏறுமீனைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் உண்டு. மீன்துறைக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி மலையாளத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே கூட்டுக்குத் தென்னை ஈர்க்கில் முடைந்துகொண்டிருந்தான்.

சில வருடமாகவே எங்கள் குளத்தில் விரால் கண்ணில் படவில்லை. அன்று நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒன்று மேலே வந்தது. ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, கனவில் வருகிறவர்கள் போவதுபோலச் சத்தமில்லாமல் கீழே போனது. வயிறு பெருத்திருந்தது. பின்னால் நிழல்போல இன்னொன்று.

கொழுந்தனும் பார்த்திருக்கிறான்.

"மைனி, நல்ல சினை விரால் ஒண்ணு உண்டு. மொத மழைக்கு ஒங்களுக்கும் பாதி தாறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், அவர் தம்பியிடம் சொல்லியிருப்பார். நானாக எந்த ஆண்பிள்ளையிடமும் கூடாது என்று சொன்னதில்லை. அந்த மீன் கூட்டில் விழுந்தால் குளத்தில் இனி விரால் இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

மழை ஒரு மத்தியானம் வந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு போய் மடையருகே கல்லில் உட்கார்ந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

அவன் கூட்டைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் துவர்த்துத் துண்டு மட்டும் கட்டி வந்தான். என்னைக் கண்டதும் வாழைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான். அண்ணன் பெண்டாட்டி முன்னால் வெறும் துவர்த்தோடு தண்ணீரில் இறங்குகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை.

"மைனி, மழையத்து இஞ்ச என்ன இருப்பு?"

"சும்மாதான்."

"பனி பிடிச்சு மேலு காய்ஞ்சா ஆசுபத்திரிக்கு நானாக்கும் கொண்டு போவணும்."

"குடை உண்டு."

"இச்சிரி நேரம் அந்தால திரும்பி இருங்கோ. கூட்ட வச்சிட்டுப் போயிருவேன்."

"கழுத்து வலிக்கி."

எட்டிப் பார்த்தேன். கூட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாழைமூட்டில் குந்தியிருந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மழைச் சத்தத்தில் நேரம் கரைந்தது. குளம் எது, வயல் எது, வானம் எது என்று தெரியவில்லை. குளிர்நாட்டு ஏரியும் தங்கையின் வெடித்த குளமும்கூட இந்த வெள்ளத்துக்குள் எங்கோ இருப்பதாக ஒரு தோற்றம். அப்போது மடையில் தண்ணீர் தடித்தது. கறுத்த முதுகு ஒன்று வளைந்து, வழுக்கி, மறுபடி எம்பி ஏறியது. பின்னாலேயே மற்றது. இளநெல் இரண்டு பக்கமும் சாய்ந்து வழி விட்டது.

வாழைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நம்ம கொழம்பாக்கும் மைனி, ஏறிப் போவுது."

அவன் சில நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் மதிலுக்கு மேல் தலை தெரிந்தது.

"மைனி, ஓடி வாருங்கோ!"

வயலில் நெல்லுக்கு நடுவே தண்ணீர் சிவந்து கிடந்தது. குங்குமம் கொட்டினதுபோல விரால்குஞ்சுகள். அந்தச் சிவப்பு மெல்ல நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கீழே பெரிய நிழலாகத் தாய். வரப்பில் ஒரு கொக்கு இறங்கிக் கழுத்தை நீட்டியது. அவன் குனிந்து மண்கட்டியை எடுத்து வீசினான்.

"எலே, போலே! அது மைனிக்க விராலாக்கும்!"