கையெழுத்து மட்டும் போட்ட தாள்கள்

எம்.எல்.ஏ.விடம் உதவியாளராகச் சேரப்போகும் தம்பிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலித்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வாங்கிக் கெட்டவன்.

ஐம்பதுகளில் போடியில் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு நான்தான் ரைட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஐயா மெட்ராஸுக்குக் கிளம்பினார். சட்டசபை கூடினால் வாரக்கணக்கில் வரமாட்டார். போகுமுன் லெட்டர்பேடில் தாள் தாளாகப் புரட்டி, அடியில் வெறும் கையெழுத்தாகப் போட்டுத் தள்ளினார்.

"மனு கொண்டாந்தவங்கள வெறுங்கையோட அனுப்பாதப்பா. மேல நீயே எழுதிக் குடுத்துரு. எனக்குத் தலைக்கு மேல சோலி கெடக்கு."

ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, தாசில்தாருக்கு என்று எழுதிக் கொடுத்தேன். 'இவர் எனக்கு நன்கு தெரிந்தவர்' என்றுதான் எல்லாக் கடிதமும் தொடங்கும். அவர்களில் பாதிப்பேரை ஐயா கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் ஊரில் இருந்தால் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. போய்விட்டால், மனு கொண்டுவரும் ஒன்றிரண்டு பேர் தவிர, நானும் சுவர்ப் பல்லியும்தான்.

அடுத்த தேர்தலில் ஐயா தோற்றார். மறுநாள் வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. அத்தனை கூட்டமும் எங்கே போய்த் தொலைந்ததோ! மனைவியை முன்பே பறிகொடுத்தவர். ஈசிசேரில் கிடப்பார், ஜீப்புச் சத்தம் கேட்டால் துண்டைச் சரிசெய்துகொள்வார். ஜீப்பு ஏலக்காய் லோடோடு நிற்காமல் போய்விடும்.

அந்த வாரம் குரங்கணியிலிருந்து பேச்சியம்மா வந்தாள். ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவள். புருஷனுக்குக் காசநோய். மதுரை ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையென்று திருப்பிவிட்டார்களாம்.

"ஐயா லெட்டரு இருந்தா சேத்துக்கிருவாகளாம்ண்ணே. ரத்தமாக் கக்குறாரு."

தோற்றவரிடம் போய்க் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மிச்சமிருந்த தாள் ஒன்றில், பதவி இருந்த நாளின் தேதியைப் போட்டு நானே எழுதிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள். ஐயாவே வாசலில் இருந்தார்.

"இவருதான் தோத்துட்டாரே, இது செல்லாதுன்னுட்டாகய்யா. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி மரத்தடியில கெடக்காரு."

ஐயா கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"மிச்சத் தாளையும் கொண்டா" என்றார். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வெரசா வாத்தா, ரயிலுக்கு நேரமாச்சு" என்று அவளோடு கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் தனியாக வந்தார். முகமெல்லாம் கறுத்திருந்தது.

"சேத்தாச்சு. ரெண்டு நாளு வரிசையில நின்னேன். ஒருத்தனுக்கும் என்னையத் தெரியலப்பா. நோயாளிக்கு நீ யாருன்னு கேட்டான். அண்ணன்னு சொன்னேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"புது எம்.எல்.ஏ. லெட்டரோட வந்தவுக எங்களத் தாண்டித் தாண்டி உள்ள போனாக. இத்தன வருசமா நம்ம லெட்டரும் அப்பிடித்தானப்பா போயிருக்கும்? பின்னால நின்னவுகளுக்கு என்ன ஆச்சோ?"

நான் எழுதியதெல்லாம் உதவி என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.